மலைப்பாதையில் ஒற்றைச் சக்கரம்: டயரின் அகலத்தைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஒரே சக்கரத்தின்மேல் ஆசனம் அமைத்து, கைப்பிடியும் சங்கிலியும் இன்றிக் கால்மிதிகளால் மட்டும் உருட்டிச் செல்லும் வண்டியைச் சர்க்கஸ் கூடாரத்திற் கண்டவர் நம்மிற் பலர். வழுவழுப்பான தளத்தில் ஓடுதற்கென்றே பிறந்ததுபோற் காணப்படும் அவ்வண்டியைக் கல்லும் வேரும் நிறைந்த மலைப்பாதையில் ஓட்டுவாரும் உளர் என்றால், முதலிற் கேட்போர் நகைப்பர். ஆயினும் 1980-களில் அலாஸ்காவில் ஜார்ஜ் பெக் முதலாயினோர் முயன்று, பின்னர்க் கனடா தேசத்துக் கிரிஸ் ஹோம் போன்றோரால் வளர்ந்த இவ்விளையாட்டு, இன்று பல நாடுகளிற் பரவியிருக்கிறது. இதில் இறங்குவார் எல்லாரும் கேட்கும் முதல் வினா ஒன்றே: டயர் எத்துணை அகலம் இருத்தல் வேண்டும்? இதற்கு விடை தேடி அலாஸ்கா வரை செல்ல வேண்டுவதில்லை. நம் கொங்கு நாட்டு வண்டித்தடமே பாதி விடையைச் சொல்லிவிடும்.

தோட்டங்களுக்கிடையே, இருபுறமும் கிளுவை வேலி செறிந்து, நடுவே தடம் ஆழப் பதிந்து கிடக்கும் சிறு வழியை நம் பக்கத்தார் இட்டேரி என்பர். அவ்வழியே பாரம் சுமந்து சென்ற பழைய கட்டை வண்டியின் சக்கரம் ஆளின் மார்பளவு உயர்ந்தது. தரையைத் தொடும் இரும்புப் பட்டையோ ஏறக்குறைய 2 அங்குல அகலமே உடையது. இரும்பு நெகிழாது, ஆதலின் மண்தான் நெகிழ்ந்து கொடுத்தல் வேண்டும். பாரத்தைத் தாங்கப் போதிய பரப்புக் கிடைக்கும் வரை சக்கரம் அழுந்திக்கொண்டே போகும். மழைநாளிற் கரிசல் நிலத்தில் அகப்பட்ட வண்டியை மீட்கக் காங்கேயம் காளைகள் முன்னங்கால் மடித்து இழுத்ததைப் பெரியோர் இன்றும் சொல்லக் கேட்கலாம். பிற்காலத்திற் பழைய மோட்டார் டயர்களைப் பூட்டிய டயர் வண்டி வந்தபோது, அதே காளைகள் அதே மண்ணில் அதனினும் மிகுந்த பாரத்தை இழுத்தன. காரணம், நெகிழ்தல் என்னும் தொழிலை மண் விட்டுவிடச் சக்கரம் மேற்கொண்டமையே. ஆனால் இறக்கத்தில் டயர் வண்டி தானே உருண்டு வந்து மாட்டின் பிடரியை நெருக்கிற்று. இக்குறையும் நினைவிலிருக்கட்டும்.

காற்றடைத்த டயருக்கு 1845-ஆம் ஆண்டிலேயே ராபர்ட் வில்லியம் தாம்ஸன் உரிமை பெற்றிருந்தார். உலகம் அதனை மறந்துவிட்டது. தம் மகனது முச்சக்கர வண்டியின் குலுக்கலைக் குறைக்க எண்ணி, 1888-இல் அதனை மறுபடியும் உலகிற்கு அளித்தவர் பெல்பாஸ்ட் நகரத்து ஜான் பாய்ட் டன்லப். அவர் தொழிலால் கால்நடை மருத்துவர் என்பது, மேற்சொன்ன காளைகளை நினைக்குங்கால், பொருத்தமாகவே தோன்றுகிறது.

இனிக் கணக்கிற்கு வருவோம். ஓட்டுபவனும் வண்டியும் சேர்ந்து 170 இறாத்தல் எடை என்று கொள்க. டயரினுள் ஒரு சதுர அங்குலத்திற்கு 34 இறாத்தல் அழுத்தம் இருப்பின், தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 5 சதுர அங்குலமாம். அழுத்தத்தை 17-ஆகக் குறைத்தால் 10 சதுர அங்குலமாம். இங்கே பலர் மயங்குவது ஒன்றுண்டு. அகன்ற டயர் அகலமாயிருப்பதனாலேயே மிகுதியான தரையைப் பற்றும் என்று எண்ணுவர். அஃது அன்று. ஒரே எடையும் ஒரே அழுத்தமும் உள்ளபோது குறுகிய டயரும் அகன்ற டயரும் ஏறத்தாழ ஒரே பரப்பையே தொடும். முன்னதன் சுவடு நீண்டு ஒடுங்கியிருக்கும், பின்னதன் சுவடு குறுகி அகன்றிருக்கும். அவ்வளவே. பின் அகலத்தின் பயன் யாது? குறுகிய டயருக்கு உயரமும் குறைவு. அதிற் காற்றைக் குறைத்தால், கல்லின்மேல் ஏறும்போது இரும்பு வளையம் கல்லோடு மோதி, இடையில் அகப்பட்ட டியூப் நசுங்கி இரு துளை படும். 3 அங்குல டயருக்கு நசுங்குவதற்கு இடமுண்டு. ஆதலின் அழுத்தத்தைத் துணிந்து குறைக்கலாம். அகலம் தருவது இந்தச் சுதந்திரமேயன்றிப் பிறிதில்லை. அகன்ற டயரை வாங்கிக் கல்போற் காற்றடிப்பவன், பஞ்சுமெத்தையை வாங்கிச் சுருட்டி வைத்துவிட்டுத் தரையிற் படுப்பவனை ஒப்பான்.

ஒற்றைச் சக்கர வண்டிக்கு இச்சுதந்திரம் ஏன் இத்துணை அவசியம்? இருசக்கர வண்டியிற் செல்வோன் கல்லைக் கண்டால் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொள்வான். எடையை முன்னும் பின்னும் பகிர்ந்துகொள்வான். உயர்ந்த வகை வண்டிகளிற் சுருள்வில்லும் உண்டு. ஒற்றைச் சக்கரத்தில் இவற்றுள் ஒன்றுமில்லை. முழு எடையும் உள்ளங்கையளவு இடத்தின் மேல் நிற்கிறது. வண்டியிலுள்ள ஒரே வில் டயர்தான். சக்கரம் சிறு கல்லில் முட்டி ஒரு கணம் நின்றாலும், அதன் நேர்மேலே அமர்ந்தவன் முன்னே எறியப்படுவான். ஊன்றுகின்ற மணிக்கட்டு முறிதல் இவ்விளையாட்டில் உள்ளதே. மென்மையான டயரோ அக்கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு உருண்டுவிடும். மேலும், மிதி அச்சோடு நேரே இணைக்கப்பட்டிருப்பதனால் இறக்கத்திற் கால்கள் ஓய்வதற்கில்லை. டயர் வண்டியின் முன்னே காளை தாங்கிய தள்ளுதலை இங்கே முழங்கால் தாங்கவேண்டும். நெடிய இறக்கங்களுக்குத் தடைக்கருவி பூட்டிக்கொள்வதே அறிவுடைமை.

அங்ஙனமாயின் அகலத்தை மேலும் மேலும் கூட்டலாகாதோ எனின், ஆகாது. முதலாவது எடை. 3 அங்குல டயர் 2 அங்குல டயரைப்போல் ஏறக்குறைய இருமடங்கு கனக்கும். அக்கனம் சக்கரத்தின் விளிம்பில் நிற்பதால், ஒவ்வொரு முறை விரைவைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் தொடையே அதற்கு விலை கொடுக்கிறது. இரண்டாவது, ஒற்றைச் சக்கரத்திற்கே உரிய தொல்லை: ஓரம் சரிந்த சாலையில் அகன்ற டயர், அதிலும் காற்றுக் குறைந்த டயர், தானே ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும், ஓட்டுவோன் இடுப்பை முறுக்கியே நேர்செய்யவேண்டும். கைப்பிடி இல்லாத வண்டியில் இது சிறு துன்பமன்று. முதுகு உருண்ட டயராயின் இத்தொல்லை குறையும்; தட்டையான முதுகும் ஓரங்களில் உயர்ந்த இரப்பர்க் குமிழ்களும் உடையதாயின் மிகும்.

நம் நிலத்தை நோக்குமிடத்து, செம்மண்ணின் மேல் வெங்கச்சங்கற்கள் உருளும் மேட்டுப்பாதைகளுக்கு 3 அங்குலமே தக்கது என்பது என் துணிபு. கரிசற் காட்டில், மழை பெய்த மறுநாள், அகன்ற டயர் பகையாகும். பிசுபிசுத்த மண் குமிழ்களிடையே அப்பிக்கொண்டு, சட்டத்திற்கும் சக்கரத்திற்கும் உள்ள சிறு இடைவெளியை அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும். ஆண்டு, குமிழ்கள் தள்ளித்தள்ளி அமைந்த 2¼ அங்குல டயரே மேல். அதனினும் மேல், அன்று வீட்டிலிருத்தல். காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுகளில் வெள்வேல் முள்ளும், எங்கும் பரவிவிட்ட வேலிக்காத்தான் முள்ளும் அகலத்தை மதியா. அவற்றிற்குத் தடித்த டியூபோ, துளையைத் தானே அடைக்கும் திரவமோ வேண்டும். மேற்குமலைச் சாரலிற் பெரும்பகுதி யானை நடமாடும் காப்புக்காடாதலின், வனத்துறையின் அனுமதியின்றி அங்கே சக்கரம் உருட்டுதல் கூடாது.

விட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 24 அங்குலம் என்று வழங்கும் வளையத்தில் 3 அங்குல டயரைப் பூட்டினால் முழு விட்டம் 26 அங்குலத்தை எட்டும். மிதி ஒரு முறை சுற்ற வண்டி ஏறக்குறைய 6¾ அடி செல்லும். 29 அங்குல வகையில் இது 7½ அடிக்கு மேற்படும். சமவெளிக்கு நன்று, செங்குத்தில் வருத்தும். கற்பவருக்கு முன்னதே ஏற்றது. நம் ஊர்க் கடைகளில் 26 அங்குல விட்டமும் 4 அங்குல அகலமுமான டயர் எளிதிற் கிடைக்கிறது என்று அதனை வாங்கி விடுவாருண்டு. பனியிலும் மணலிலும் ஓடவேண்டி எழுந்த வகை அது. 2005-இல் அமெரிக்காவின் சர்லி நிறுவனம் வெளியிட்ட வண்டியாற் பெயர் பெற்றது. அதற்கு அகன்ற வளையமும் அகன்ற சட்டமும் தனியே வேண்டும். சாதாரணச் சட்டத்தினுள் அது நுழையவே நுழையாது. 3 அங்குல டயருக்கும் வளையம் 1½ அங்குலத்திற்குக் குறையாதிருத்தல் நலம். குறுகிய வளையத்திற் பூட்டின், திருப்பத்தில் டயர் பக்கவாட்டிற் சாய்ந்து மடியும்.

வாங்கிய பின் காற்றின் அளவை அறியும் வழி எளிது. முதலில் 25 இறாத்தல் அடித்து, அரையடி உயரமுள்ள படியிலிருந்து வண்டியோடு இறங்கிப் பார்க்க. வளையம் தரையில் மோதும் ஓசை கேளாதாயின் 2 இறாத்தல் குறைத்து மீண்டும் இறங்குக. ஓசை கேட்ட இடத்தில் நிறுத்தி, 2 இறாத்தல் கூட்டிக்கொள்க. எடை மிகுந்தோர்க்கு இவ்வெண் உயர்ந்தும் மெலிந்தோர்க்குத் தாழ்ந்தும் நிற்கும். ஆதலின் தோழன் கண்ட எண்ணைக் கடன் வாங்காது, அவரவர் தமக்கெனச் சோதித்து, சட்டத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் ஒட்டி வைத்துக்கொள்க.