அடிதடிக்கு முன்னால் ஒரு மணி நேரம்

கேள்வி: கோடிகளைக் கொட்டி எடுக்கும் ஆக்‌ஷன் படங்கள் பலவும் ஏன் மனதில் நிற்பதில்லை?
- ஒரு வாசகர், முட்டுக்காடு

பதில்: பணத்தால் பிரம்மாண்டத்தை வாங்கலாம், பதற்றத்தை வாங்க முடியாது. 'விக்ரம்' (2022) படத்தில் ஆயிரக்கணக்கில் தோட்டாக்கள் வெடிக்கின்றன. ஆனால் ரசிகர்கள் இன்றும் பேசுவது ஏஜென்ட் டீனாவைத்தான். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரப் பெண்மணி என்று நாம் கவனிக்காமலே விட்ட ஒருவர், வீட்டுக்குள் புகுந்த அடியாட்களை முள்கரண்டியால் எதிர்கொள்கிறார். அந்தச் சண்டைக்குச் செலவு அதிகமிருக்காது. முதல் பாதி முழுக்க அவரைச் சாதாரணமாக நடமாடவிட்ட பொறுமைதான் அதன் முதலீடு. அந்தப் பொறுமை இல்லாத படம் சத்தத்தைக் கூட்டும். 'கங்குவா' (2024) வெளியானதும் தியேட்டர்களில் ஒலி அளவைக் குறைக்கும்படி தயாரிப்பாளரே கேட்க வேண்டியிருந்தது.

பிரம்மாண்டத்துக்காகத்தானே டிக்கெட் வாங்குகிறோம் என்பீர்கள். நியாயம்தான். பெரிய திரையில் ஒரு படை திரண்டு வருவதைப் பார்க்கும் பரவசத்தை, செல்போனாலும் டிவியாலும் தரவே முடியாது. இந்த வகைப் படங்களின் உண்மையான பலம் அது. 'பாகுபலி' (2015) அதை முழுதாகத் தந்தது. ஆனால் அங்கேயும் போர்க்களத்துக்கு முன்பே, அரியணைக்குப் போட்டியிடும் இருவரில் யார் எப்படிப்பட்டவர் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. யாருக்காகப் பயப்படுவது என்று தெரியாத சண்டையில் கிராஃபிக்ஸ் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், பத்தாவது நிமிடத்தில் கண் கடிகாரத்துக்குப் போய்விடும்.