நமது வாகனத்துக்கு எந்தத் தீயணைப்பான்?

துன்பம் வருமுன்னரே காத்துக்கொள்ளாதவனின் வாழ்வை, நெருப்பின் முன் வைத்த வைக்கோற் போருக்கு ஒப்பிடுகிறது திருக்குறளின் 435ஆம் குறள். பிள்ளைகளுக்கு இதை மனனம் செய்விக்கும் நாம், நமது வாகனத்தின் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது. விடியற்காலையில் ருங்கிஸ் மொத்தச் சந்தைக்குப் போய் மரக்கறி ஏற்றிவரும் வண்டி, மண்டபங்களுக்குச் சமையல் பாத்திரங்களும் காஸ் சிலிண்டரும் கொண்டு செல்லும் வண்டி, ஆவணி மாதத் தேர்த் திருவிழாவுக்கு லாச்சப்பல் வீதிகளில் கற்பூரம், எண்ணெய், துணி, கடதாசிப் பெட்டிகள் இறக்கும் வண்டி: இவற்றில் எரியக்கூடிய பொருள் நிறைய உண்டு. அதை அணைக்க என்ன வைத்திருக்கிறோம்?

கோயில் விழாவில் தீ என்ன செய்யும் என்பதை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1997 ஜூன் 7ஆம் திகதி, தஞ்சைப் பெரிய கோயிலில் குடமுழுக்கை முன்னிட்டு அமைக்கப்பட்ட யாகசாலையின் ஓலைப் பந்தல் தீப்பற்றியது. தீயிலும் நெரிசலிலும் 40க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். எரியும் பொருளும் சனக்கூட்டமும் ஒரே இடத்தில் சேரும்போது, முதல் ஒரு நிமிடத்தில் செய்வதே பெரிதாகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரான்சில் 2008 ஒக்ரோபர் முதல் ஒவ்வொரு காரிலும் ஒளிரும் மேலங்கியும் முக்கோண எச்சரிக்கைப் பலகையும் இருக்க வேண்டும். தீயணைப்பானோ சாதாரணத் தனியார் காருக்குக் கட்டாயமில்லை. 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்குக் கட்டாயம். தொழிலுக்காகக் காஸ் சிலிண்டர் ஏற்றிச் செல்பவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். ஆபத்தான பொருட்களை வீதியில் கொண்டு செல்வது பற்றிய ஐரோப்பிய ஒப்பந்தத்தின்படி, சிறிய அளவில் ஏற்றும் வண்டியிலும் குறைந்தது 2 கிலோ தூள் கொண்ட ஒரு தீயணைப்பான் இருக்க வேண்டும். சட்டம் கேட்காத வண்டியிலும் தீ பிடிக்கும் என்பதால், இந்த 2 கிலோவையே நாம் எல்லோரும் அளவுகோலாகக் கொள்ளலாம்.

எழுத்துகளின் பொருள்

தீயணைப்பானின் மேல் ஏ, பி, சி என்ற எழுத்துகள் இருக்கும். 'ஏ' என்பது மரம், துணி, கடதாசி போன்ற திண்மப் பொருட்களின் தீ. 'பி' என்பது பெற்றோல், டீசல் போன்ற திரவங்களின் தீ. 'சி' என்பது காஸ் தீ. ஒரு வாகனத்தில் இம்மூன்றும் உண்டு: இருக்கைத் துணி, எரிபொருள், சில வேளைகளில் காஸ். ஆகவே மூன்றுக்கும் உதவும் ஏ.பி.சி. தூள் வகையே வாகனத்துக்குப் பொருத்தமானது. கடையில் பிரெஞ்சு மொழியில் 'பூத்ர்' என்று கேட்டு வாங்கலாம்.

மற்ற வகைகள் ஏன் வேண்டாம்? வெறும் தண்ணீர் வகை பனிக்காலத்தில் உறைந்துவிடும்; எரியும் பெற்றோலை அணைக்காமல் பரப்பியும் விடும். கரியமிலவாயு வகை மின்சாதனங்களுக்கு நல்லது. ஆனால் திறந்த வெளியில் காற்று அதைக் கலைத்துவிடும். மூடிய வண்டிக்குள் அடித்தால் மனிதருக்கே மூச்சடைக்கும். பழைய வண்டியோடு கிடைத்த ஹேலோன் கருவியைப் பயன்படுத்த வேண்டாம். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், விமானம் போன்ற சில தேவைகள் தவிர, ஐரோப்பாவில் அது 2003 முடிவோடு விலக்கப்பட்டது.

எழுத்துகளுக்கு முன்னால் உள்ள இலக்கங்களையும் பாருங்கள். 13ஏ என்றால், பரிசோதனையில் 1.3 மீற்றர் நீளமான விறகு அடுக்கின் தீயை அது அணைத்தது என்று பொருள். 70பி என்றால் 70 லீற்றர் திரவத் தட்டின் தீயை அணைத்தது. ஒரே எடையுள்ள இரண்டு கருவிகளில் பெரிய இலக்கம் உள்ளதே வலுவானது. ஐரோப்பியத் தரமான ஈ.என். 3 என்ற குறியும், அழுத்தத்தைக் காட்டும் முள்ளும் இல்லாத கருவியை வாங்க வேண்டாம்.

ஆறு செக்கன்

3 கிலோ வரையான கருவிகளுக்கு ஐரோப்பியத் தரம் கேட்பது குறைந்தது 6 செக்கன் தொடர்ந்து அடிக்க வேண்டும் என்பதே. ஏறக்குறைய அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கும் நேரம். எனவே இது கொழுந்துவிட்டெரியும் வண்டியைக் காப்பாற்றும் கருவியன்று. தொடங்கும் தீயை அமர்த்தவும், உள்ளே இருப்பவரை வெளியே எடுக்கவும் உதவுவது.

முறை இதுதான். வண்டியை ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்து, எல்லோரையும் இறக்கித் தூரத்துக்கு அனுப்புங்கள். ஒருவர் 18 அல்லது 112க்கு அழைக்கட்டும். இடம், எரிவது என்ன, உள்ளே ஆள் உண்டா, காஸ் உண்டா என்பவற்றைச் சொல்லி, மறுமுனையில் உள்ளவர் சொல்லும் வரை தொடர்பைத் துண்டிக்காதிருக்கட்டும். மற்றவர் காற்று முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று, ஊசியை இழுத்து, சுவாலையின் உச்சியை அல்ல, அடியைப் பார்த்து இடமும் வலமுமாக அடிக்க வேண்டும். என்ஜினில் தீ என்றால் மூடியை முழுவதும் திறக்கக் கூடாது. புகுந்த காற்றில் தீ பாயும். சிறு இடைவெளியால் தூளைச் செலுத்துங்கள். ஆறு செக்கனில் அடங்காவிட்டால் விலகிவிடுங்கள். வண்டி போனால் வாங்கலாம்.

அதனால் ஆகாதவை

காஸ் குழாயில் சுவாலை எரிந்தால், எட்டக்கூடியதாயின் முதலில் வால்வை மூட வேண்டும். கசிவு நிற்காமல் சுவாலையை மட்டும் அணைத்தால், காஸ் சேர்ந்து பின் வெடிக்கும். மின்சார வாகனத்தின் பற்றரி எரிந்தால் கையில் உள்ள கருவி போதாது. விலகி நின்று தீயணைப்புப் படையிடம் சொல்லுங்கள். வடை சுடும் தாச்சியில் எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஒருபோதும் ஊற்றக் கூடாது. அடுப்பை நிறுத்தி, மூடியால் அல்லது தீப்போர்வையால் மூட வேண்டும். சமைக்குமிடத்துக்கு 'எஃப்' என்ற எழுத்துள்ள தனிக் கருவி உண்டு. வண்டியில் உள்ளது அதற்குப் பதிலாகாது. தூள் பட்ட உணவைப் பரிமாறவும் கூடாது.

எங்கே வைப்பது?

பின்னால் அரிசி மூட்டைக்கு அடியில் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். சாரதியின் கைக்கு எட்டும் இடத்தில், அதற்குரிய பிடியில் இறுக்கிப் பொருத்துங்கள். சும்மா விட்டால் பிரேக் மிதிக்குக் கீழே உருண்டு, தீயைவிட முன்னதாக வேறொரு விபத்தைக் கொண்டுவரும். வெயில் நேரே விழும் இடமும் வேண்டாம். மாதம் ஒருமுறை முள் பச்சையில் நிற்கிறதா, கறள் உண்டா, ஊசி பொருந்தியுள்ளதா என்று பாருங்கள். தூள் அடியில் இறுகாதிருக்க இடைக்கிடை கவிழ்த்து அசையுங்கள். ஒரு செக்கன் அடித்திருந்தாலும் அழுத்தம் மெல்ல இறங்கிவிடும் என்பதால், மாற்றவோ மீள நிரப்பவோ வேண்டும்.

பாரிசின் தீயணைப்புப் படையை நெப்போலியன் 1811இல் இராணுவப் படையாக அமைத்தார். அதற்கு முந்திய ஆண்டு, ஆஸ்திரியத் தூதரகத்தின் நடன விருந்தில் பலர் தீயில் மாண்டதே காரணம். இன்று அந்தப் படை பாரிசையும் அதைச் சூழ்ந்த மூன்று மாவட்டங்களையும் காக்கிறது. அவர்கள் வந்து சேரும்வரை உள்ள நிமிடங்கள் நமது பொறுப்பு.

வீட்டில் கலந்து பேசுவதற்கு:

1. நமது வாகனத்தில் கருவி உண்டா? கண்ணை மூடிக்கொண்டு கைநீட்டினால் எட்டுமா?
2. அதன் மேல் உள்ள எழுத்துகளையும் இலக்கங்களையும் பிள்ளைகள் வாசித்துப் பொருள் சொல்வார்களா?
3. 18க்கு அழைத்து, நிற்கும் இடத்தைப் பிரெஞ்சில் சொல்ல வீட்டிலுள்ள பெரியவர்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், யார் கற்றுக் கொடுப்பது?