தீயை அடக்காதீர்கள், சூட்டைச் சேமியுங்கள்

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவீடன் கிராமங்களில் பல வீடுகளுக்குக் குளிர்காலத்தில் கதகதப்பு தருவது விறகு பாய்லர்தான். விறகு எரிந்து தண்ணீரைக் காய்ச்சும். வெந்நீர் குழாய்வழியே அறைதோறும் ரேடியேட்டருக்குப் போகும். எளிய ஏற்பாடுதான். ஆனால் சில தவறான நம்பிக்கைகள் விறகையும் வீணடித்து, பாய்லரையும் பாழாக்குகின்றன.

நம்பிக்கை: காற்றைக் குறைத்து மெல்லப் புகையவிட்டால் விறகு மிச்சம்.

உண்மை: நேர்மாறு. சூடேறியதும் விறகின் எடையில் ஏறக்குறைய 80 சதவீதம் வாயுவாகப் பிரிந்துவிடும். நாம் பார்க்கும் சுவாலை அந்த வாயு எரிவதுதான். காற்றை அடைத்தால் வாயு எரியாமலே புகைபோக்கி வழியே வெளியேறும். போகிற வழியில் தாராக ஒட்டிக்கொள்ளும். அது பின்னொரு நாள் புகைபோக்கிக்குள்ளேயே தீப்பிடிக்கலாம்.

நம்பிக்கை: முழுத்தீ எரிந்தால் வீடு கொதிக்கும், அடக்குவதைத் தவிர வழியில்லை.

உண்மை: வழி, சேமிப்புத் தொட்டி. கையால் விறகு போடும் பாய்லருக்கு, 1 கிலோவாட் திறனுக்குக் குறைந்தது 55 லிட்டர் தொட்டி வேண்டும் என்கிறது ஜெர்மானிய விதி. 30 கிலோவாட் பாய்லர் என்றால் 1,650 லிட்டர். அந்தத் தண்ணீரை 35 டிகிரியிலிருந்து 85 டிகிரிக்குக் காய்ச்சினால், மின்கணக்கில் சுமார் 95 யூனிட் சூடு சேரும். அதாவது, மூன்று மணி நேரம் முழு வேகத்தில் எரித்துவிட்டு, தீ அணைந்த பிறகும் தொட்டியிலிருந்து வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை: ஒரு வருடம் கிடந்த விறகு காய்ந்த விறகு.

உண்மை: பிளக்காத உருட்டுக்கட்டை மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை ஆவியாக்கவே சூடு செலவாகிவிடுவதால், ஒரு கிலோ பச்சை விறகு இரண்டேகால் யூனிட் அளவே தரும். 20 சதவீத ஈரத்துக்குக் காய்ந்தது 4 யூனிட் தரும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுங்கள்: காய்ந்தது ‘டங்’கென்னும், ஈரமானது ‘தொப்’பென்னும். சரியாகத் தெரிய, கட்டையைப் பிளந்து, புதிதாகப் பிளந்த முகத்தில் ஈரமானியின் ஊசியைக் குத்த வேண்டும்.

நம்பிக்கை: பாய்லருக்குத் திரும்பும் தண்ணீர் குளிர்ந்திருந்தால் சூட்டை நன்றாக உறிஞ்சும்.

உண்மை: உறிஞ்சும்தான். கூடவே, புகையிலுள்ள நீராவி குளிர்ந்த இரும்புச் சுவரில் முத்து முத்தாகப் படியும். தாரும் அமிலமும் அதோடு சேர்ந்து இரும்பை அரிக்கும். அதனால்தான் வெந்நீரில் ஒரு பங்கைத் திருப்பிக் கலந்து, உள்ளே வரும் தண்ணீர் 60 டிகிரிக்குக் குறையாமல் காக்கும் வால்வைப் பொருத்துகிறார்கள்.

நம்பிக்கை: பைன் போன்ற மென்மரம் உதவாது.

உண்மை: கிலோவுக்குக் கிலோ எல்லா மரமும் ஏறக்குறைய ஒரே சூடுதான். மென்மரம் எடை குறைவு என்பதால் அடிக்கடி போட வேண்டும், அவ்வளவே.

இதெல்லாம் சரியாக நடக்கிறதா என்று அறிய, தீ பிடித்துக் கால்மணி நேரம் கழித்து முற்றத்துக்கு வந்து புகைபோக்கியைப் பாருங்கள். கறுத்த புகை எழுந்தால், காசு போட்டு வாங்கிய விறகுதான் வானத்துக்குப் போகிறது.