அடிபட்டு வருபவருக்கு யார் பணம் கட்டுவது?

பாலக்காடு ரோட்டை ஒட்டிச் சின்ன மருத்துவமனை வைத்திருப்பவர்களுக்கு இரவு வேலை எப்படி வரும் என்று முன்கூட்டித் தெரியாது. பழைய 47, இப்போதைய 544 தேசிய நெடுஞ்சாலை கோவையை அடுத்த மதுக்கரையைத் தொட்டுக்கொண்டு கேரள எல்லையான வாளையாருக்குப் போகிறது. நீலாம்பூரில் பிரியும் பைபாஸ் வந்து சேர்வதும் இங்கேதான். நெடுங்காலம் நடுவில் தடுப்பே இல்லாத இருவழிச் சாலையாக இருந்த பைபாஸ் அது. கேரள லாரிகள், சிமெண்ட் லாரிகள், எட்டிமடைப் பக்கம் பைக்கில் போகும் கல்லூரிப் பையன்கள், வேலை முடிந்து டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வீடு திரும்புகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் வழி. ராத்திரியில் ஒரு ஆட்டோ வந்து நிற்கும். "டாக்டருங்க, யாருன்னே தெரியலைங்க. ரோட்டோரமா கெடந்தாருங்க. பாத்துட்டுச் சும்மா போக மனசு வரலைங்க." கூட்டிவந்தவர் போய்விடுவார். உள்ளே இருப்பவருக்குப் பெயர் இல்லை, உறவு இல்லை, காப்பீட்டு அட்டை இல்லை. மூச்சுக்குழாயைச் சரிபார்ப்பது, ரத்தத்தை நிறுத்துவது, கழுத்துக்குக் காலர் போடுவது, டிரிப் ஏற்றுவது, உடைந்த காலுக்குக் கட்டை வைத்துக் கட்டுவது என்று வேலை தொடங்கிவிடும். தொடங்கியே ஆகவேண்டும். அந்தச் செலவை யார் தருவது என்ற கேள்விக்காகத்தான் சக மருத்துவர்களோடு சேர்ந்து பல ஆண்டுகளாக அரசு அலுவலகங்களின் படியேறிக்கொண்டிருக்கிறேன். அதில் கற்றதை, இந்த வேலையில் இறங்க நினைக்கும் சிறு மருத்துவமனைக்காரர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் வரலாறு தெரிய வேண்டும். அதிகாரி முன்னால் உட்காரும்போது கைகொடுப்பது அதுதான். 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: அடிபட்டு வந்தவருக்குப் போலீஸ் நடைமுறைக்காகக் காத்திராமல் எந்த மருத்துவரும், அரசோ தனியாரோ, உடனே சிகிச்சை தர வேண்டும். ஸ்கூட்டரில் போனவர் ஒருவர் அடிபட்டார். பக்கத்து மருத்துவமனை, மெடிக்கோ-லீகல் கேஸ் பார்க்க எங்களுக்கு அனுமதியில்லை என்று திருப்பி அனுப்பியது. சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த இன்னொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவர் இறந்துபோனார். அந்தச் செய்தி வந்த பத்திரிகை நறுக்கை இணைத்துப் போடப்பட்ட மனு அது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவும் மருத்துவர்மேல் இதே கடமையை வைக்கிறது. கடமை சரியானது. அதில் எனக்கு ஒரு சொல்கூடக் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆனால் அந்தக் கடமையின் செலவு யாருடையது என்பது பல பத்தாண்டுகள் எழுதப்படாமலே கிடந்தது. 2006-இல் சட்ட ஆணையம் தனது 201-ஆவது அறிக்கையில் அவசர சிகிச்சை பற்றி ஒரு மாதிரிச் சட்டமே எழுதித் தந்தது. அதுவும் அலமாரியில் உறங்கியது.

அசைத்தது எங்கள் ஊர்க்காரர் ஒருவர். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு அறுவை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், 2012-இல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். 2014 ஏப்ரலில் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது அந்த வழக்கில்தான். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. அடிபட்ட பிறகான முதல் ஒரு மணி நேரத்தைப் 'பொன்னான நேரம்' என்று சட்டமே வரையறுத்து, அந்த நேரத்தில் காசில்லாச் சிகிச்சைக்கு மத்திய அரசு திட்டம் வகுக்க வேண்டும் என்று 162-ஆம் பிரிவு சொன்னது. 2022 ஏப்ரல் 1 முதல் பிரிவு நடைமுறைக்கு வந்தது, திட்டம் வரவில்லை. அதே ராஜசேகரன் வழக்கில் தாக்கலான ஒரு மனுவின் மேல், 2025 ஜனவரி 8 அன்று நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, அகஸ்டின் ஜார்ஜ் மசீ அமர்வு, மார்ச் 14-க்குள் திட்டம் வேண்டும் என்று கெடு வைத்தது. கெடு தாண்டியதும் நீதிமன்றம் கடிந்துகொண்டது. 2025 மே 5 அன்று அறிவிக்கை வந்தது: நாட்டில் எந்தச் சாலையில் மோட்டார் வாகன விபத்தில் அடிபட்டாலும், ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை, ஏழு நாள் வரை காசில்லாச் சிகிச்சை.

தமிழ்நாடு இதற்கு முன்பே நடந்துகாட்டியது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், முதல் 48 மணி நேரத்துக்கு, 81 சிகிச்சை முறைகளில், 1 லட்சம் ரூபாய் வரை பொறுப்பேற்றது. பிறகு அது 2 லட்சமாக உயர்ந்தது. அட்டை இருக்கிறதா, எந்த மாநிலத்துக்காரர் என்று கேட்பதில்லை. வாளையார் எல்லையில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு அந்தக் கடைசி வரி எவ்வளவு பெரியது என்பது சென்னையில் இருப்பவர்களுக்கு எளிதில் விளங்காது. பாலக்காட்டுக்காரர் ஒருவர் இங்கே அடிபட்டால், அவருடைய அட்டை எந்த மாநிலத்தது என்று தேடிக்கொண்டிருக்காமல் வேலையைத் தொடங்க முடிகிறது.

இந்த வரலாற்றை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. தொகை கேட்டு அலுவலகத்துக்குப் போகும் மருத்துவரைப் பேராசைக்காரராகப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. வெட்கப்படாதீர்கள். சட்டம் ஒரு கடமையை உங்கள்மேல் வைத்தது. அதன் செலவுக்கு வழி வேண்டும் என்று நீதிமன்றமும் நாடாளுமன்றமும் ஒத்துக்கொண்டுவிட்டன. நீங்கள் கேட்பது அந்த வாக்கின் மிச்சத்தை. ரோட்டுக்கு அருகில் இருக்கும் சின்ன மருத்துவமனை, பணம் வராத பயத்தில் "மேல கொண்டு போயிருங்க" என்று சொன்னால், கோவையின் பெரிய மருத்துவமனைகள் இருக்கும் அவினாசி ரோடு போய்ச் சேர்வதற்குள் அந்த ஆள் இருக்கமாட்டார். எந்த மனுவிலும் இந்த வாக்கியம் முதல் பத்தியில் வர வேண்டும். மருத்துவமனையின் நஷ்டம் இரண்டாம் பத்திக்குப் போகட்டும்.

அடுத்து, பேனா யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். பாதி உழைப்பு தவறான மேசையில் வீணாவதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். பதிவு, ஆய்வு போன்றவை மாவட்டத்தில் மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநரிடம், நாம் ஜே.டி. ஆபீஸ் என்று சொல்லும் இடத்தில். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் பேக்கேஜ் ரேட்டை, அதாவது ஒவ்வொரு சிகிச்சைக்கும் நிர்ணயித்த தொகையை, ஜே.டி. மாற்ற முடியாது, கலெக்டரும் மாற்ற முடியாது. அது சென்னையில் சுகாதாரத் துறைச் செயலகமும் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள திட்ட அலுவலகமும் முடிவு செய்வது. மத்திய விபத்துத் திட்டம் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துடையது. கிளெய்ம் வேலை தேசிய சுகாதார ஆணையத்தின் தளத்தில் நடக்கிறது. ஆகவே மாநிலத் திட்டம் என்றால் எம்.எல்.ஏ., மத்தியத் திட்டம் என்றால் எம்.பி. மதுக்கரைக்கு அது கிணத்துக்கடவு சட்டமன்றத் தொகுதி, பொள்ளாச்சி நாடாளுமன்றத் தொகுதி. சட்டமன்றத்தில் சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை வருவதற்கு முன்னால் ஒரு பக்கக் குறிப்பை எம்.எல்.ஏ. கையில் கொடுங்கள். ஒரு பக்கம் போதும். மூன்று பக்கம் கொடுத்தால் உதவியாளரின் மேசையோடு நின்றுவிடும்.

கலெக்டர் ஆபீஸின் திங்கட்கிழமைக் குறைதீர்ப்பு நாளைப் பயனில்லை என்று ஒதுக்காதீர்கள். ரேட் அங்கே மாறாது. ஆனால் மனுவுக்கு எண் கிடைக்கும். எண் கிடைத்தால் ஃபைல் பிறக்கும். பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, அந்த எண்ணைச் சொல்லி, என்ன நடவடிக்கை என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வாய்மொழியாகக் கிடைத்த "பாத்துக்கலாங்க சார்" எதுவும் எனக்குக் கடைசிவரை வந்து சேர்ந்ததில்லை. எண்ணோடு போன காகிதங்கள் தாமதமாகவேனும் பதில் கொண்டுவந்தன.

காலம் இதைவிட முக்கியம். காப்பீட்டுத் திட்டம் ஒப்பந்தக் கணக்கில் ஓடுவது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்து, 2022 ஜனவரியில் ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது. டெண்டர் கையெழுத்தான பிறகு ரேட்டைப் பற்றிப் பேசினால் அனுதாபம் மட்டும் கிடைக்கும். ஒப்பந்தம் முடிய ஓராண்டு இருக்கும்போதே, புதிய விதிமுறைகளை யாரோ ஒரு அறையில் எழுதிக்கொண்டிருப்பார்கள். உங்கள் காகிதம் அந்த நேரத்தில் அந்த மேசையில் இருக்க வேண்டும்.

அந்தக் காகிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதில்தான் பெரும்பாலான மருத்துவர்கள் தடுமாறுகிறார்கள். 'ரேட் கட்டுப்படியாகவில்லை' என்று எழுதினால் எந்தச் செயலாளரும் அசையமாட்டார். என்ன செலவாகிறது என்று எழுதுங்கள். ஆயுஷ்மான் பாரத் 2018-இல் வந்தபோது பல பேக்கேஜ்களின் விலை நடைமுறைக்குப் பொருந்தவில்லை என்று நாடு முழுவதும் குரல் எழுந்தது. 2019-இல் பட்டியல் திருத்தப்பட்டபோது சுமார் 270 பேக்கேஜ்களின் விலை உயர்ந்தது. சண்டிகர் பி.ஜி.ஐ. நிறுவனம் மருத்துவமனைகளின் உண்மைச் செலவைக் கணக்கிட்டுத் தந்த ஆய்வு அந்தத் திருத்தத்துக்கு உதவியது. சத்தத்தை அரசு எளிதில் தாண்டிப்போய்விடும். செலவுக் கணக்கைத் தாண்டிப்போவது கடினம்.

சின்ன மருத்துவமனைக்கு இந்தக் கணக்கு கஷ்டமில்லை. ஒரு தலைக்காய நோயாளியை நிலைப்படுத்தி மேல்மருத்துவமனைக்கு அனுப்பும் வரை ஆகும் செலவை வரி வரியாக எழுதுங்கள். மருந்துகளும் தையல் நூலும் ஆக்சிஜனும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். விட்டுப்போவது ஆள்கூலி. இரவு ஷிஃப்டில் அடிபட்டவர் யாருமே வராத நாளிலும் நர்ஸும் டியூட்டி டாக்டரும் உட்கார்ந்திருக்கிறார்களே, அந்தச் சம்பளம் எந்தப் பேக்கேஜிலும் ஏறுவதில்லை. ஆம்புலன்ஸ் டிரைவர், ஜெனரேட்டர் டீசல், விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) என்ட்ரி போட்டுப் போலீஸுக்கு இன்டிமேஷன் அனுப்பும் ஆள், பின்னால் சாட்சி சொல்ல மருத்துவர் கோர்ட்டுக்குப் போகும் நாள் எல்லாமே செலவுதான். ரசீதுகளை ஒட்டி, நோயாளியின் பெயரை மறைத்து, நான்கைந்து மருத்துவமனைகள் ஒரே படிவத்தில் கொடுத்தால் அந்தக் காகிதத்துக்கு எடை வருகிறது.

ரேட்டை உயர்த்தச் சொல்வதற்கு முன்னால் தேதியைக் கேளுங்கள். இது என் உறுதியான கருத்து. ஆயுஷ்மான் வழிகாட்டு விதிகளிலேயே, மாநிலத்துக்குள் நடந்த சிகிச்சைக்கு 15 நாளிலும், வெளிமாநில நோயாளிக்கு 30 நாளிலும் கிளெய்ம் தீர்க்க வேண்டும் என்று இருக்கிறது. அரசு தானே எழுதிய வரியைக் கடைப்பிடிக்கச் சொல்லும் மனுவை மறுக்க அதிகாரிக்குக் காரணம் இல்லை. நிதித் துறையின் ஒப்புதலும் தேவையில்லை. இருபது படுக்கை மருத்துவமனைக்கு, நான்கு மாதம் கழித்து வரும் பெரிய தொகையைவிடப் பதினைந்தாம் நாள் வரும் சிறிய தொகை உயிர் தரும். மெடிக்கல் ஏஜென்சிக்காரருக்கு நான்கு மாதம் சொல்ல முடியாது. எந்தெந்தக் கிளெய்ம், எந்தத் தேதியில் அனுப்பியது, எந்தக் கேள்வி போட்டுத் திருப்பினார்கள், எப்போது பதில் தந்தோம் என்ற பட்டியலை மாதாமாதம் வைத்திருங்கள். ஒரே ஆவணத்தை மீண்டும் மீண்டும் கேட்டுத் திருப்புவது எங்களுக்கும் நடந்திருக்கிறது. தேதிவாரிப் பட்டியலை மேலதிகாரியிடம் வைத்தபோது, நீண்ட விளக்கம் இல்லாமலே அது நின்றது.

தனியாகப் போகாதீர்கள். இந்திய மருத்துவச் சங்கக் கிளை கூட வரட்டும். ஆனால் மருத்துவர்கள் மட்டுமே நிற்கும் கூட்டம் வியாபாரக் கூட்டமாகத்தான் தெரியும். எங்கள் பக்கத்தில் லாரி உரிமையாளர்களும், ஆலைத் தொழிலாளர்களும், அடிபட்டவர்களைத் தூக்கிவரும் ஆட்டோக்காரர்களும் கூட வந்து பேசியபோது அறையின் முகமே மாறியது. ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர், "நாங்க கொண்டாந்து போட்டா இவுங்க சேத்துக்குவாங்கன்னு எங்களுக்குத் தெரியோணுமுங்க. இல்லீன்னா யாரும் தூக்க மாட்டாங்க" என்றார். அதற்குமேல் நான் சேர்த்துச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

வேலைநிறுத்தம் பற்றிக் கேட்பார்கள். 2025 ஆகஸ்டில் ஹரியானாவில் நிலுவைத் தொகைக்காகத் தனியார் மருத்துவமனைகள் ஆயுஷ்மான் சிகிச்சையை நிறுத்தின. அவர்களுடைய வலி எனக்குப் புரியும். இருந்தாலும் விபத்துச் சிகிச்சையை அந்தத் தராசில் ஏற்றக் கூடாது. ரோட்டில் கிடப்பவர் எந்தப் பேச்சுவார்த்தையிலும் ஒரு தரப்பு இல்லை.

இப்போது கேட்க வேண்டியவை என்று நான் கருதுவது மூன்று. மாநிலத் திட்டமும் மத்தியத் திட்டமும் ஒரே நோயாளிமேல் சேர்ந்து வரும்போது எது முதலில், எது பிறகு என்ற ஒழுங்கு எழுத்தில் வேண்டும். 48 மணி நேரம் முடிந்து ஏழு நாள் முடியாத நோயாளியை எந்தக் கணக்கில் வைப்பது என்று கேஷ் கவுண்டரில் இருக்கும் பெண்ணுக்குத் தெரிய வேண்டும். அடுத்தது, மத்தியத் திட்டத்தில் பட்டியலில் இல்லாத மருத்துவமனைக்கு நிலைப்படுத்தும் சிகிச்சை மட்டுமே அனுமதி. ரோட்டோரச் சிறு மருத்துவமனைகள் பெரும்பாலும் செய்வது அதைத்தான் என்பதால், அதற்கு நியாயமான தனிக் கட்டணமும், எளிய படிவமும் வேண்டும். மூன்றாவது, போலீஸ் விபத்தைப் பதியும் இ-டார் தளத்தில் பதிவு தாமதமானால் மருத்துவமனையின் கிளெய்ம் தேங்கக் கூடாது, எங்கள் ஏ.ஆர். என்ட்ரியை முதல் ஆதாரமாக ஏற்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, செலவுக் கணக்கை இணைத்து, எம்.எல்.ஏ.வுக்கு ஒன்று, எம்.பி.க்கு ஒன்று, தேனாம்பேட்டைக்கு ஒன்று என்று அனுப்புங்கள். அனுப்பிய தபால் ரசீதுகளை அதே ஃபைலில் போட்டு வையுங்கள்.