உபினுக்கு எந்தத் தேதியில் போகலாம்?

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஒரு நாள் புலாவ் உபின் போய்வர நினைக்கிறோம். 12 வயது மகனுக்குக் கயாக் ஓட்டியே ஆகவேண்டும். எனக்குப் பறவை பார்க்க ஆசை. கணவர் எவ்வளவு தூரமானாலும் நடப்பார். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாருக்கோ முழங்கால் வலி. எல்லாம் ஒரே நாளில் நடக்குமா?
- வாசகி, ஈசூன்

பதில்: நடக்கும். தேதி குறிக்கும் முன் கடல் ஏற்ற வற்ற நேரப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். மழை வருமா என்று பார்ப்பவர்கள்கூட இதைப் பார்ப்பதில்லை.

நம் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆறு மணி நேரம். அலையாத்திக் காட்டு ஓடைகளுக்குள் கயாக் நுழைய நீர் ஏறியிருக்க வேண்டும். வற்றிவிட்டால் சேற்றில் தட்டி நின்றுவிடும். தீவின் கிழக்கு முனையில் உள்ள செக் ஜாவாவில் கதை தலைகீழ். நீர் இறங்கினால்தான் மணல்திட்டும் கடற்புல்லும் வெளியே வரும். அங்கே கடலைத் தூர்த்து நிலத்தை மீட்கும் திட்டத்தை மக்களின் எதிர்ப்புக்குப் பிறகு 2001 டிசம்பரில் அரசு தள்ளிவைத்தது. இல்லையென்றால் நீங்கள் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க முடியாது.

ஆகவே காலை பத்து மணி வாக்கில் ஏற்றமும் மாலை நான்கு மணி வாக்கில் வற்றமும் வரும் நாளாகத் தேடுங்கள். வற்றம் 0.5 மீட்டருக்குக் கீழே போனால் இன்னும் நல்லது. காலையில் கயாக்கை முடித்துவிட்டால், பிற்பகல் இடிமழை பிடிக்கும்போது கடலில் இருக்க மாட்டீர்கள். மின்னல் தெரிந்தால் வழிகாட்டி உங்களைக் கரையேற்றிவிடுவார். பணம் கட்டியிருக்கிறோமே என்று அவரிடம் வாதாட வேண்டாம். மகனை இருவர் அமரும் கயாக்கில் உங்கள் கணவரோடு ஏற்றுங்கள். முன்பதிவு அவசியம்.

சாங்கி படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும், பத்து நிமிடப் பயணம். சில்லறை வெள்ளி கையில் இருக்கட்டும். மகனும் கணவரும் துடுப்புப் போடும் நேரத்தில் நீங்களும் மாமியாரும் படகுத்துறையிலிருந்து மெல்ல நடந்தே பெக்கான் குவாரிக்குப் போகலாம். கருங்கல் வெட்டிய பள்ளம் இன்று குளமாகிக் கிடக்கிறது. சாம்பல் நாரைகளை அங்கே பார்க்கலாம். செக் ஜாவாவுக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். மாமியாருக்கு வேன் பிடியுங்கள். அங்குள்ள ஜெஜாவி கோபுரத்தின் படிகளை அவர் ஏற வேண்டாம். மரப்பலகை நடைபாதையே போதும்.

நீர் இறங்கி முதல் மணல்திட்டு தலைகாட்டும் நேரம்தான் உங்களுக்கு முக்கியம். வடக்கிலிருந்து வலசை வந்திருக்கும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் அந்தச் சிறு திட்டில்தான் முதலில் இரை தேட இறங்கும். முழுக்க வற்றும்வரை காத்திருந்தால் அவை தொலைவில் புள்ளிகளாகிவிடும். இருவாச்சியைத் தேடி அலைய வேண்டாம், அதுவே கத்தி உங்களைக் கூப்பிடும். சிங்கப்பூரில் நெடுங்காலம் அற்றுப்போயிருந்த இந்தக் கருப்பு வெள்ளைப் பறவை 1990களில் உபினில்தான் மறுபடி தென்பட்டது. கூடு கட்டும் பருவத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். விட்டுவைத்த கீறல் வழியே ஆண் இரை ஊட்டும். அதைவிட அரிது, வைக்கோல் நிறத் தலையுடைய பெரிய கொண்டைக்குருவி. அதன் பாட்டே அதற்கு எமன். கூண்டில் வளர்ப்பதற்காகப் பிடித்துப் பிடித்தே இப்பகுதி நாடுகளில் அதை அழித்துவருகிறார்கள். உபினில் இன்னும் காதாரக் கேட்கலாம்.

பிளாஸ்டிக் பையில் சாப்பாடு கொண்டுபோகாதீர்கள். அந்தச் சரசரப்பு கேட்டாலே காட்டுப்பன்றி வந்து நிற்கும்.

கேள்வி: பைனாகுலர் வாங்க வேண்டுமா? பத்து மடங்கு பெரிதாகக் காட்டுவதே சிறந்தது என்கிறார் கடைக்காரர்.
- அதே வாசகி

பதில்: அவருக்கு விற்பனை நடக்க வேண்டும். பத்து மடங்கில் கைநடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். புதிதாகப் பார்ப்பவருக்குப் பறவை சட்டத்துக்குள் நிற்காது. 8x42 என்று பொறித்திருப்பதை வாங்குங்கள். முதல் முறைக்கு யாரிடமாவது இரவல் வாங்கினாலும் தவறில்லை. கயாக்கில் மட்டும் அதைக் கொடுத்தனுப்ப வேண்டாம்.