டிசைன் டிகிரிக்குக் கடன்: கையெழுத்துப் போடும் முன் ஒரு கணக்கு

வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆன பலருக்கும் வீட்டிலிருந்து இப்படி ஒரு போன் வரும். "தம்பி கிராஃபிக் டிசைன் படிக்கணும்ங்கிறான். அப்பாவோட விவசாய வருமானத்துக்குச் சீட்டு எதுவும் இல்ல. பேங்க்ல உன் சம்பளச் சீட்டைக் கேக்கிறாங்க, ஒரு கையெழுத்து போட்டுடு."

போடலாமா? முதல்ல கணக்கைப் பார்ப்போம்.

டிகிரி இல்லாமலே இருக்கும் வேலை

திருக்கடையூரையே எடுத்துக்குவோம். அமிர்தகடேசுவரர் – அபிராமி கோயிலில் வருஷம் முழுக்க அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நடக்கும். ஒவ்வொன்றுக்கும் பத்திரிகை, பேனர், ஆல்பம் வேணும். இதைச் செய்து தர்றவரிடம் யாரும் டிகிரி கேட்பதில்லை. போட்டோஷாப்பும் கோரல் டிராவும் கைவந்தால் போதும்.

டாக்டருக்கும் ஆடிட்டருக்கும் படிப்பு இல்லாமல் தொழில் செய்யச் சட்டத்தில் இடம் கிடையாது. டிசைனருக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. அதனால், "டிகிரி முடித்தால் எவ்வளவு சம்பளம்?" என்று மட்டும் கேட்டால் விடை தப்பாகத்தான் வரும். "டிகிரி இல்லாமல் கிடைக்கிறதைவிட எவ்வளவு கூடுதலாக கிடைக்கும்?" என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வரைகலை அடிப்படை, நல்ல ஆசிரியர்கள், கேம்பஸ் இன்டர்வியூ, பெரிய கம்பெனிகளில் நுழைய ஒரு வழி: டிகிரி தருவது இவைதான். இவற்றுக்கு மதிப்பு உண்டு, ஆனால் எந்த விலைக்கும் வாங்கலாம் என்று அர்த்தமில்லை.

ரெண்டு வழி, ரெண்டு செலவு

கீழே இருப்பது மாதிரி எண்கள். உங்கள் எண்ணைப் போட்டுக்குங்க.

*வழி 1: தனியார் கல்லூரி, 4 வருஷ பி.டெஸ்.* கட்டணம் வருஷம் 3 லட்சம் வீதம் 12 லட்சம். ஹாஸ்டல், சாப்பாடு 4 லட்சம். லேப்டாப் 1 லட்சம். மொத்தம் 17 லட்சம்.

*வழி 2: அரசு கவின் கலைக் கல்லூரி, 4 வருஷ பி.எஃப்.ஏ.* திருக்கடையூர்க்காரர்களுக்குப் பக்கத்தில் கும்பகோணத்திலேயே ஒன்று இருக்கு. இன்னொன்று சென்னையில், 1850-ல் தொடங்கிய பழைய கல்லூரி. கட்டணம் சொற்பம். ஹாஸ்டல், சாப்பாடு, லேப்டாப் சேர்த்து 5 லட்சம் என்று வைத்துக்குவோம்.

ரெண்டிலும் எல்லாரும் மறக்கும் ஒரு செலவு இருக்கு. படிக்கிற 4 வருஷமும் சம்பளம் வராது. உள்ளூர் கடையில் மாதம் 10,000 கிடைத்திருக்கும் என்றால், 48 மாதத்தில் விட்ட வருமானம் 4.8 லட்சம்.

ஆக, வட்டி சேர்க்காமலே வழி 1-க்கு 21.8 லட்சம், வழி 2-க்கு 9.8 லட்சம். டிகிரியால் மாதம் 10,000 கூடுதலாகக் கிடைத்தால், முதலாவது திரும்பி வர 18 வருஷம் ஆகும். இரண்டாவது 8 வருஷத்தில் வந்துடும்.

இஎம்ஐயிலிருந்து பின்னோக்கிப் பாருங்க

கல்விக்கடனில் பொதுவாக, படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கிட்டே இருக்கும்.

வழி 1-ல் கட்டணம் 12 லட்சத்தையும், வருஷம் 3 லட்சமாக, 10 சதவீத வட்டியில் கடன் வாங்கினால், தவணை தொடங்கும்போது தனிவட்டி மட்டும் 4.2 லட்சம் ஏறியிருக்கும். 16.2 லட்சத்துக்கு 10 வருஷ இஎம்ஐ சுமார் 21,400.

வழி 2-ல் 4 லட்சம் மட்டும் கடன் என்றால், அது 5.4 லட்சமாகும். இஎம்ஐ சுமார் 7,100.

இஎம்ஐ கைக்கு வரும் சம்பளத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது என் அளவுகோல். அப்படிப் பார்த்தால், வழி 1-க்கு முதல் வேலையிலேயே மாதம் 71,000 வேணும். வழி 2-க்கு 24,000 போதும். அந்தக் கல்லூரியில் போன வருஷம் முடித்தவர்களில் நாலு பேரிடம் பேசுங்க. கல்லூரி விளம்பரம் சொல்லும் உச்ச சம்பளம் வேண்டாம், நடுவில் இருப்பவர் எவ்வளவு வாங்குகிறார் என்று கேளுங்க.

கையெழுத்துப் போடுபவருக்கு மூணு விஷயம்

1. கடன் உங்களுடையதும்தான். இணைக் கடன்தாரராகச் சேர்ந்தால், அந்தக் கடன் உங்கள் சிபில் அறிக்கையிலும் நிற்கும். நாளைக்கு நீங்கள் வீட்டுக் கடன் கேட்கும்போது இந்த இஎம்ஐயையும் கழித்துத்தான் தகுதி பார்ப்பாங்க.

2. வரிச் சலுகை கிடைக்காது. 80இ பிரிவு என்று நாம் பழகிய கல்விக்கடன் வட்டிக் கழிவு தனக்கு, கணவன் அல்லது மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, சட்டப்படி பாதுகாவலராக இருக்கும் மாணவருக்கு மட்டும்தான். தம்பி, தங்கைக்காக வாங்கிய கடனுக்குக் கிடையாது. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு எதற்குமே கிடையாது.

3. 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி வழக்கமாகச் சொத்துப் பிணை கேட்கும். நம்ம பக்கம் அது பெரும்பாலும் நிலப் பத்திரம்தான். மகனுக்கு வேலை தாமதமானால் ஆபத்து அப்பாவின் வயலுக்கு.

அப்போ என்ன செய்யலாம்?

முதலில் அரசு கல்லூரிக்கு விண்ணப்பிக்கட்டும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், தமிழ்நாட்டுக் கல்லூரியில் படிக்கும்போது தம்பிக்குத் தமிழ்ப் புதல்வன், தங்கைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வரும். 4 வருஷத்தில் அது கிட்டத்தட்ட லேப்டாப் செலவில் பாதி.

என்ஐடி போன்ற முன்னணி நிறுவனத்தில் இடம் கிடைத்தால் கணக்கு மாறும். பிஎம் வித்யாலட்சுமி பட்டியலில் உள்ள நிறுவனம் என்றால் பிணை இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்து, வேறு அரசு உதவி எதுவும் வாங்கவில்லை என்றால், 10 லட்சம் வரையான கடனுக்குப் படிப்புக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியமும் உண்டு.

ரெண்டும் அமையலையா? ஒரு வருஷம் மென்பொருள் கற்றுக்கொண்டு கடையில் வேலை பார்த்து, போர்ட்ஃபோலியோ சேர்க்கட்டும். அடுத்த வருஷம் மறுபடி நுழைவுத் தேர்வு எழுதலாம். ஒரு வருஷம் தள்ளிப் போவதால் ஆகும் நஷ்டம், தாங்க முடியாத இஎம்ஐயை 10 வருஷம் கட்டுவதைவிடச் சின்னதுதான்.

தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இந்தக் கணக்கை அவன் கையாலேயே போடச் சொல்லுங்க. வட்டியை அவனே கூட்டிப் பார்த்த பிறகு கல்லூரிப் பட்டியல் மாறினாலும் மாறலாம். மாறாவிட்டால், எவ்வளவு வரை உங்களால் தாங்க முடியும் என்ற எண்ணை அன்றைக்கே சொல்லிவிட்டு, அந்த அளவுக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்க.