படிக்கப் பணம் தந்த அரசு, பதவி தரவில்லை

அன்புள்ள யாழினிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கட்டுரைப் போட்டிக்கு டாக்டர் வூ லியன் தே பற்றி எழுதப்போவதாகச் சொல்லி, "இவ்வளவு கெட்டிக்காரர் ஏன் பினாங்கை விட்டுச் சீனாவுக்குப் போனார், பெரியப்பா?" என்று கேட்டிருக்கிறாய். அவரைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப் பேர் ஹார்பின் பிளேக்கிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். நீ பினாங்கிலிருந்து ஆரம்பி.

1879இல் அங்கே பிறந்தவர். 1896இல் குயின்ஸ் ஸ்காலர்ஷிப் வென்றார். அது பினாங்கும் சிங்கப்பூரும் அடங்கிய பிரிட்டிஷ் நீரிணைக் குடியேற்றங்களின் அரசாங்கம் தன் கஜானாவிலிருந்து கொடுத்த பணம். அதை வைத்துக் கேம்பிரிட்ஜிலும், லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையிலும் படித்து 1903இல் திரும்பினார். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் ஓராண்டு பெரிபெரி நோயை ஆராய்ந்தார். அதன்பின் அரசாங்கத்திடம் அவருக்குத் தர ஏற்ற வேலை இல்லை. மெடிக்கல் ஆபீசர் பதவிகள் ஐரோப்பியர்களுக்கு. ஆசியர்களுக்கு அவர்களுக்குக் கீழே உதவியாளர் பதவிகள். வூ, சூலியா தெருவில் சொந்தமாகக் கிளினிக் வைத்தார்.

இதைச் சாதாரணப் பாகுபாடு என்று ஒரு வரியில் முடித்துவிடாதே. ஹாங்காங்கைப் பக்கத்தில் வைத்துப் பார். அங்கே சீனர்களுக்கென்று 1887இல் ஒரு மருத்துவக் கல்லூரி தொடங்கினார்கள். 1892இல் அதில் தேறிய முதல் இருவரில் ஒருவர் சுன் யாட் சென். ஆனால் அந்தக் கல்லூரிச் சான்றிதழை வைத்து ஹாங்காங்கில் டாக்டராகப் பதிவுசெய்ய முடியாது. அவர் மக்காவோவுக்குப் போய்த் தொழில் பார்த்தார். "உன் படிப்பு பிரிட்டிஷ் தரத்துக்கு வரவில்லை" என்ற காரணத்தை அங்கே சொல்ல முடிந்தது. பினாங்கில் அதைச் சொல்ல வழியில்லை. வூவின் பட்டம் கேம்பிரிட்ஜ் பட்டம்! தடை படிப்பில் இல்லை என்பது அவர் விஷயத்தில்தான் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. ஓர் ஆசியரின் கீழ் வெள்ளைக்கார டாக்டரோ நர்ஸோ வேலை செய்ய நேரும் என்ற கலக்கம்தான் அடியில் இருந்தது என்பது என் கணிப்பு.

அதே அரசாங்கத்துக்குச் சீன டாக்டர்கள் தேவைப்படவும் செய்தார்கள். ரிக்‌ஷா இழுத்தவர்கள், ஈயச் சுரங்கத்தில் உழைத்தவர்கள் என்று ஆஸ்பத்திரிகளில் படுத்திருந்தவர்களில் ஏராளமானோர் சீனர்கள். உதவி சர்ஜன்களை எங்கே தயார் செய்தார்கள் தெரியுமா? நம் சென்னையில்! 1890 வாக்கில் சிங்கப்பூரில் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கப் பார்த்தார்கள். நுழைவுத் தேர்வில் போதிய மாணவர்கள் தேறவில்லை. திட்டத்தைக் கைவிட்டு, பையன்களைச் சென்னைக்கு அனுப்பினார்கள். 1904இல் சிங்கப்பூர் வணிகர் டான் ஜியாக் கிம் தலைமையில் சீனச் சமூகத்தாரும் மற்றவர்களும் அங்கேயே மருத்துவப் பள்ளி வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். 71,000 வெள்ளி திரட்டிக்கொண்டு வாருங்கள் என்றது அரசு. அவர்கள் 87,077 வெள்ளி திரட்டினார்கள். அதில் 12,000 டான் ஜியாக் கிம் கொடுத்தது. 1905 ஜூலையில் சிப்பாய் லைன்ஸில், பெண்களுக்கான பழைய மனநோய் விடுதிக் கட்டடத்தில் பள்ளி திறந்தது. முதல் அணியில் ஏழு பேர் 1910இல் தேறினார்கள்.

1916இல் அந்தப் பள்ளி தந்த பட்டயத்தைப் பிரிட்டனின் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் அங்கீகரித்தது. சாம்ராஜ்யத்தில் எங்கும் தொழில் செய்யலாம். ஆனால் உள்ளூர் அரசு ஆஸ்பத்திரியில் அதில் தேறியவர்கள் உதவி மெடிக்கல் ஆபீசர்களாகவே இருந்தார்கள். அந்தக் காலத்துக் கெஜட் எதையாவது புரட்ட நேர்ந்தால், எத்தனை சீனப் பெயர்கள் இருக்கின்றன என்று மட்டும் எண்ணாதே. பெயருக்கு எதிரே என்ன பதவி, எவ்வளவு சம்பளம், யாருக்குக் கீழே என்று பார். ஆள் எடுத்தது உண்மை. அதிகாரம் கொடுத்தார்களா என்பது வேறு கேள்வி.

சீன நோயாளியைச் சீன டாக்டர்தான் புரிந்துகொள்வார் என்றும் எழுதிவிடாதே. வூவே 1908இல் சீனா போனபோது மாண்டரின் சரியாகப் பேச வராமல் புதிதாகக் கற்றுக்கொண்டார்.

சீனாவுக்குப் போனதற்கு வேறொரு காரணமும் உண்டு. அபினுக்கு எதிராக அவர் இயக்கம் நடத்தினார். குடியேற்ற அரசின் வருமானத்தில் ஏறத்தாழப் பாதி அபினிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1907இல் அவர் கிளினிக்கைச் சோதனை போட்டு, மருந்தாக வைத்திருந்த ஓர் அவுன்ஸ் அபின் டிஞ்சருக்காக வழக்குத் தொடுத்து அபராதம் விதித்தார்கள். சீனாவிலிருந்து ராணுவ மருத்துவக் கல்லூரிக்கு அழைப்பு வந்தது. புறப்பட்டுவிட்டார்.

ஹார்பினைச் சுருக்கமாக எழுது. 1910-11இல் மஞ்சூரியாவில் சுமார் 60,000 பேரைக் கொன்ற நிமோனிக் பிளேக் அது. மூச்சுக் காற்றில் பரவுகிறது என்று கண்டு, துணியும் பஞ்சும் வைத்த முகக்கவசத்தை வூ கட்டச் சொன்னார். மெஸ்னி என்ற பிரெஞ்சு டாக்டர் அவர் சொன்னதை ஏற்காமல், கவசமில்லாமல் நோயாளிகளைப் பார்த்து, சில நாளில் இறந்துபோனார். பினாங்கில் எதனால் வூவை ஒதுக்கினார்களோ, அதுவேதான் மெஸ்னியின் காதையும் அடைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

குடியேற்றங்களில் பிறந்த ஆசியர்களுக்கென்று ஒரு மருத்துவச் சேவையை 1932இல்தான் ஏற்படுத்தினார்கள். அதையும் பொதுச் சேவையோடு சேர்க்காமல் தனியாகவே வைத்தார்கள். வூ 1937இல் மலாயா திரும்பி, ஈப்போவில் மறுபடியும் தனியார் கிளினிக்தான் நடத்தினார்.

அவருடைய சுயசரிதை 'பிளேக் ஃபைட்டர்' 1959இல் வந்தது. பினாங்கு அத்தியாயங்களை முதலில் படி. தன் பக்க நியாயத்தைச் சொல்ல எழுதிய புத்தகம் என்பதால், வழக்கைப் பற்றிய பகுதிக்கு அக்காலச் செய்தித்தாள்களையும் பார்த்துவிடு. எழுதியதை அனுப்பு; தேதிகளைச் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா